எப்சிபாவின் இரண்டு பிறந்தநாள்கள்

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று எனக்கு முதல் ஓலை வாசித்தார்கள். எங்கள் சபையில் கல்யாணம் என்றால் பெண், மாப்பிள்ளை பெயர்களை மூன்று ஞாயிறு ஆலயத்தில் வாசித்து, ஆட்சேபனை உண்டா என்று கேட்டாக வேண்டும். துரைமார் காலத்து ஆங்கிலிக்கன் வழக்கம். கூரை மாறியது, மைக் வந்தது, இது மட்டும் மாறவில்லை.

"பெத்தேல்விளை, காலஞ்சென்ற தபால்காரர் ஆபிரகாம் அவர்கள் மகள் எப்சிபா" என்று எங்கள் குருவானவர் ஸ்டீபன் நவமணி ஐயர் வாசித்ததும் பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆட்சேபனை ஒன்றும் வரவில்லை. பத்து வருடம் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக் களைத்த ஊர், இப்போது போய் ஆட்சேபனை சொல்லுமா?

அதைக் கேட்க அம்மா உள்ளே இல்லை. ஓலைக்கு முன்னால் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் இருந்தது. ஞானஸ்நானம் என்றாலே அம்மாவுக்குத் தலைவலி வரும். ஐயர் தொட்டியை நோக்கி நடந்தால் அம்மா வாசலை நோக்கி நடப்பாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவளிடம் ஓலை வாசித்தாயிற்று என்றேன். "கேட்டுச்சுட்டி" என்றாள். அவ்வளவுதான்.

கல்யாணம் மே 26. மாப்பிள்ளை சாயர்புரம் எட்வின் தேவசித்தம், மின்வாரியம். இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டு முப்பத்தெட்டு வயதில் வருகிறார். எனக்கு முப்பத்தாறு. பள்ளிச் சான்றிதழில் முப்பத்து நாலுதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைக் குறைத்துப் போட்டுவிட்டார்களாம், எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆகவே எனக்கு இரண்டு பிறந்தநாள். சான்றிதழ்படி செப்டம்பர் 2. ஞானஸ்நானச் சீட்டின்படி நவம்பர் 11. செப்டம்பரில் கேசரி உண்டு. நவம்பரில் அம்மா உபவாசம் இருந்து தனியாக ஆலயத்துக்குப் போய்விடுவாள். உண்மையான பிறந்தநாளுக்கு ஒரு மிட்டாய்கூடக் கிடையாதா என்று சின்ன வயதில் சண்டை போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஐயர் போனில் கூப்பிட்டார். "டீச்சர், ரிஜிஸ்டர் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

என் ஞானஸ்நானச் சீட்டு மடிப்பில் கிழிந்திருந்ததால் புதுப் பிரதி கேட்டிருந்தேன். அதற்காகத்தான் என்று நினைத்துப் போனேன். ஆபீஸ் மேசையில் இரண்டு பெரிய ரிஜிஸ்டர்கள் திறந்து கிடந்தன. ஐயர் என்னை உட்காரச் சொல்லி, மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

முதல் ரிஜிஸ்டரில்: எப்சிபா, தகப்பன் ஆபிரகாம், தாய் பொன்மலர். பிறப்பு 11.11.1988. ஞானஸ்நானம் 15.1.1989. எல்லாம் சரி.

"இது அடக்க ரிஜிஸ்டர்" என்று இன்னொன்றைத் தள்ளினார். எப்சிபா, தகப்பன் ஆபிரகாம், தாய் பொன்மலர். வயது இரண்டு மாதம். அடக்கம் 24.1.1989.

பல்லி விழுந்ததுபோல் கையை எடுத்துக்கொண்டேன். "ஐயா, நான் உயிரோடதான் இருக்கேன்" என்றேன். அதைவிட அறிவாக ஒன்றும் வாயில் வரவில்லை.

"இருக்கிய டீச்சர். ஆனா உங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்த பதிவு இல்ல. தொண்ணூறுலேருந்து பத்து வருசம் பாத்துட்டேன். எங்கயும் இல்ல. அம்மாகிட்டக் கேளுங்க."

ஒரு பிள்ளை இறந்துபோனால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது எங்கள் பக்கத்தில் உண்டு. ஆனால் அப்படி ஒரு அக்கா எனக்கு இருந்தாள் என்று யாரும் சொன்னதில்லை.

ஏப்ரல் 30, புதன்

அம்மாவிடம் கேட்கவில்லை. இட்லிக்கு அரைத்தேன்.

மே 1, வியாழன்

கேட்டுவிட்டேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"மூத்தவ ஒருத்தி இருந்தா. போயிட்டா. அவ சீட்டத்தான் உனக்குக் காட்டுனேன்."

"எனக்கு ஏன் ஞானஸ்நானம் குடுக்கல?"

"குடுக்கல."

"அதான் ஏன்னு கேக்கேன்."

"கீரைக்கு உப்பு இருக்கான்னு பாரு" என்று எழுந்து போய்விட்டாள். அவள் இன்னும் அதை அடுப்பில்கூட வைக்கவில்லை.

அப்படியானால் வயதைக் குறைத்துப் போட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த பள்ளிச் சான்றிதழ்தான் உண்மை. எனக்கு முப்பத்து நாலு. கணக்கு டீச்சர், என் சொந்த வயதில் இரண்டு வருடம் கூட்டி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 3, சனி

ஐயர் பேராயரிடம் கேட்டுச் சொன்னார். ஞானஸ்நானம் இல்லாமல் பதினைந்து வயதில் சபையின் முழு உறுப்பினராக நான் பெற்ற திடப்படுத்தல் செல்லாது. திடப்படுத்தல் இல்லாமல் ஆலயத்தில் கல்யாணம் இல்லை. ஆகவே முதலில் ஞானஸ்நானம், பிறகு பேராயர் வந்து தலையில் கைவைத்துத் திடப்படுத்தல், பிறகு தாலி. பேராயர் எங்கள் ஊருக்கு வருவது வருடத்துக்கு ஒரு முறை, இந்த வருடம் மே 25. அதற்கு முந்தின ஞாயிறு, 18ஆம் தேதி ஞானஸ்நானம்.

எட்வினிடம் போனில் சொன்னேன். எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று இருந்தது. "அப்ப எங்கம்மாவுக்கு மருமக ரெண்டு வயசு கொறஞ்சிட்டா. அவிய இன்னைக்கு நிம்மதியா தூங்குவாவ" என்றார். சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன்.

மே 4, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஆட்சேபனை இல்லை.

மாலையில் திடப்படுத்தல் வகுப்பு. ஆறு வருடமாக நான் நடத்துகிற வகுப்பு. இன்றிலிருந்து நானும் அதில் ஒரு மாணவி, ஐயர்தான் நடத்துவார். பதினான்கு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். மனப்பாடம் செய்யாதவர்களை நான் நிற்கவைத்த பெஞ்ச். ஷெரின் பக்கத்தில் நகர்ந்து வந்து, "டீச்சர், பத்துக் கட்டளை படிச்சிட்டியளா? தப்பாச் சொன்னா நிக்கணும் டீச்சர்" என்றாள். அவளை நான் இரண்டு வாரம் நிற்கவைத்திருக்கிறேன். பெண் மறக்கவில்லை.

பத்துக் கட்டளையில் நான் தப்பவில்லை. ஞானோபதேசக் கேள்வி பதிலில்தான் மாட்டிக்கொண்டேன். முதல் கேள்வி, பெயர் என்ன. சொன்னேன். இரண்டாவது, அதை யார் தந்தது. ஞானஸ்நானத்தில் தந்தார்கள் என்பதுதான் பதில். நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பதில், நான் சொன்னால் பொய் என்று விட்டுவிட்டேன். ஐயர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நல்ல மனிதர்.

மே 8, வியாழன்

ஐயர் வீட்டுக்கே வந்தார். "அம்மா, ஒருவேளை வீட்டுலயோ ஆஸ்பத்திரியிலயோ யாராவது அவசரத்துக்கு ஞானஸ்நானம் குடுத்திருக்கலாம்னு சின்னச் சந்தேகம் இருந்தாலும் சொல்லுங்க. 'இன்னும் பெறாதவளாயிருந்தால்'னு சொல்லிக் குடுக்க ஒரு முறை இருக்கு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ."

தப்பிக்க ஒரு வாசலை அவராகவே திறந்துவிட்டார். அம்மா அதில் நுழைந்துவிடுவாள் என்று நினைத்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பதினெட்டு வருடம் செயலாளர், ஊர் என்ன பேசும் என்ற பயம் உள்ளவள்தான்.

"சந்தேகம் இல்ல ஐயா. இவ தலையில ஒரு சொட்டு ஊத்தல. நான் ஊத்த விடல" என்றாள்.

மே 9, வெள்ளி

காலையிலேயே சண்டை. அம்மா காலண்டர் முன்னால் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று இருபத்தாறில் நிறுத்தினாள்.

"ஒம்பதாம் நாளு உன் கல்யாணம்" என்றாள்.

"அதுக்கு?"

"அவளுக்கும் ஒம்பது நாளுதான். ஞாயித்துக்கிழம ஞானஸ்நானம். தை மாசத் தண்ணி, ஐஸ் மாதிரி இருந்துச்சு. மறுநாளே காய்ச்சல் ஏறிப்போச்சு. ஒம்பதாம் நாளு திங்கக்கிழம போயிட்டா. உன் கல்யாணமும் திங்கக்கிழம. வேண்டாம்ட்டி. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வச்சுக்கிடுவோம்."

ஐக்கிய சங்கச் செயலாளர் என்னை ரிஜிஸ்டர் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறாள்! சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. எனக்கு முப்பத்து நாலு வயது, நான் இரண்டு மாதக் குழந்தை இல்லை, மே மாத வெயிலில் தொட்டித் தண்ணீரே சுடும் என்று கத்தினேன். "நீ பண்ணுனா நான் வர மாட்டேன்" என்றாள்.

பள்ளிக்குப் போய் விடுமுறை வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு முறை போட்டேன்.

இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. இந்த வீட்டில் நான் ஒரு நாள்கூடப் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்ததில்லை. கோடையிலும் வெந்நீர்தான். கல்லறைத் திருநாளில் அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி, பக்கத்திலிருக்கும் சின்ன மேட்டில் இன்னொன்று வைப்பாள். கேட்டால், யாரும் இல்லாத பிள்ளைக்கு என்பாள். தினமும் விடிந்ததும் என் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பாள். நான் அதை ஜெபம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன்.

மே 10, சனி

எட்வினிடம் ரிஜிஸ்டர் ஆபீஸ் யோசனையைச் சொன்னேன். "உனக்குச் சரின்னா எனக்கும் சரி. ஆனா உனக்குச் சரியா?" என்று கேட்டார்.

இல்லை. கல்யாணத்துக்காக மட்டும் என்றால் விட்டுவிடுவேன். ஆறு வருடம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். இருபது வருடம் பீடத்தின் முன் முழங்கால்போட்டுத் திருவிருந்து வாங்கினேன். எல்லாம் அக்காவின் சீட்டில். எனக்கென்று ஒன்று வேண்டும். ஆனால் அம்மா வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்க, நான் உள்ளே போய் அதை வாங்கவும் முடியாது.

மே 11, ஞாயிறு

மூன்றாம் ஓலை. ஆட்சேபனை இல்லை. உள்ள ஒரே ஆட்சேபனை என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தது.

மே 14, புதன்

பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அம்மா, "கல்லறத் தோட்டத்துக்குப் போயிட்டுப் போவோம்" என்றாள். போனோம். அப்பா பக்கத்தில் அந்தச் சின்ன மேடு. நித்தியகல்யாணி பூத்திருந்தது. அம்மா காய்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமையே மேல் சுட்டுச்சு. தொட்டுப் பாத்தேன், சுட்டுச்சு. மறுநாளு ஞானஸ்நானம். ஒங்கப்பா வீட்டு ஆளுக எல்லாம் வந்திருந்தாவ. ஆடு அடிச்சாச்சு. இப்பப் போயி காய்ச்சல்னு சொன்னா நிறுத்திருவாவளேன்னு வாயத் தொறக்கல. சாயந்தரம் சரியாயிரும்னு நெனச்சேன்."

பொறுக்கிய இலைகளை ஓரமாகப் போட்டுவிட்டு, "ஒங்கப்பாகிட்டயும் சொல்லல. அவிய தண்ணியினாலதான்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாவ. நானும் தண்ணியினாலதான்னு சொல்லிச் சொல்லி வச்சேன்" என்றாள்.

முப்பத்தாறு வருடம் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். சத்துணவுக் கூடத்து வேலையில் ஆயிரம் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டாள், சங்கத்துக்கு அறிக்கை எழுதினாள், எனக்குச் சடை பின்னினாள். எல்லாம் இதை வைத்துக்கொண்டு. எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த மேட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். கல்லறைத் தோட்டம் ஆகையால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

எழுந்து வரும்போது கேட்டேன். "அம்மா, ஞானஸ்நானத்துல பேரு கேப்பாவ. வேற பேரு சொல்லட்டுமா? இது அவ பேரு."

"அவ அந்தப் பேர ஒம்பது நாளுதான்டி வச்சிருந்தா. மிச்ச வருசமெல்லாம் நீதான வச்சிருக்க? அதையே சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

மே 17, சனி

அம்மா பரணிலிருந்து பெரிய ஃபிளாஸ்க்கை இறக்கிச் சோடாப்பூ போட்டுக் கழுவினாள். எதற்கு என்று கேட்டேன். "கழுவக்கூடாதா?" என்றாள்.

மே 18, ஞாயிறு

இன்று எனக்கு ஞானஸ்நானம் ஆயிற்று.

வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு தொட்டியருகே நின்றேன். சாட்சிகளாக ஐயரம்மாவும் எங்கள் தலைமையாசிரியையும். அம்மா எங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐயர் தொட்டியை நோக்கி நடந்தபோது அவள் எழுந்தாள். வாசலுக்குத்தான் போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். செருப்பில்லாத கால் சத்தம் என் பக்கம் வந்தது.

கையில் ஃபிளாஸ்க்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதிய. கொஞ்சம் வெந்நி ஊத்திக்கிடட்டுமா?" என்றாள். மைக்கில் விழுந்து ஆலயம் முழுவதும் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஐயர் சிரிக்கவில்லை. தொட்டியின் மூடியை முழுவதும் நகர்த்தி, "ஊத்துங்கம்மா" என்றார். அம்மா ஊற்றினாள். விரலை விட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதற்குப் பார்ப்பதுபோல் முழங்கையை நனைத்துப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

ஐயர் பெயரைக் கேட்டார். எப்சிபா என்றேன். என் குரலோடு அம்மாவின் குரலும் சேர்ந்து வந்தது. மூன்று முறை தண்ணீர் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஐயர் நெற்றியில் சிலுவை போட்டுக் கையை எடுப்பதற்குள் அம்மா துண்டோடு வந்து தலையைத் துவட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மே 20, செவ்வாய்

விடிகாலை நெற்றியில் கை. "சூடு இல்ல" என்றாள். மத்தியானம் ஒரு தடவை. பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை. அந்த மனிதர், "மணப்பொண்ணுக்கு மேலுக்கு முடியலியா?" என்று பயந்துவிட்டார்.

மே 22, வியாழன்

ஒரு விபரீதம். காலையிலிருந்து மூக்கு அரிக்கிறது. பரணிலிருந்து பாத்திரம் இறக்கியதால் வந்த தூசிதான், வேறொன்றும் இல்லை. ஆனால் ஐந்தாம் நாள். அம்மா காதில் ஒரு தும்மல் விழுந்தால் கல்யாணம் ஆஸ்பத்திரியில்தான். தும்மல் வரும்போதெல்லாம் குளியலறைக்கு ஓடிக் குழாயைத் திறந்துவிட்டு, மூக்கைப் பிடித்து அடக்குகிறேன். தண்ணீர்த் தொட்டி பாதி காலி.

சனிக்கிழமை காய்ச்சலை மறைத்தவளிடம் நான் வியாழக்கிழமைத் தும்மலை மறைக்கிறேன். எங்கள் குடும்பமே இப்படித்தான் போலிருக்கிறது.

மே 25, ஞாயிறு

திடப்படுத்தல். பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் பதின்மூன்றாவதாக நான். முந்தின நாள் வகுப்பில் ஐயர் அந்த இரண்டாவது கேள்வியை மறுபடி கேட்டார். இந்த முறை பதில் கடகடவென்று வந்தது. ஷெரின் கை தட்டினாள்.

பேராயர் என் தலையில் கைவைத்தபோது மூக்கில் ஒன்று புறப்பட்டது. அடக்குவதில் கண்ணில் நீர் கொட்டியது. டீச்சர் எவ்வளவு பயபக்தியாக இருந்தாள் என்று ஐக்கிய சங்கத்தார் வெளியே பேசிக்கொண்டார்கள்.

மே 26, திங்கள், காலை

ஒன்பதாம் நாள். கண் விழித்தபோது அம்மா கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரவு முழுவதும் அங்கேதான் இருந்தாளோ என்னவோ. கை நெற்றியில் இருந்தது, எடுக்கவில்லை. "சுடுதா?" என்றேன். "சும்மா கெட" என்றாள். இரண்டு பேரும் சும்மா இருந்தோம். வெளியே பந்தலில் பாத்திரம் விழும் சத்தம். பிறகுதான் கையை எடுத்தாள்.

"எந்திரிட்டி. தலைக்குக் குளிக்க வெந்நி வச்சிருக்கேன்."

மே 27, செவ்வாய், சாயர்புரம்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முக்காடு போடும்போது ஒரு தடவை, தாலி கட்டி முடித்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது ஒரு தடவை அம்மா நெற்றியைத் தொட்டாள். வயது என்ற கட்டத்தில் ஐயர் 34 என்று எழுதினார். சாட்சி என்ற இடத்தில் அம்மா பொன்மலர் ஆபிரகாம் என்று முழுதாகக் கையெழுத்துப் போட்டாள்.

இன்று காலை ஆறு மணிக்கு எட்வினுடைய போன் அடித்தது. என்னைக் கூப்பிடவில்லை, அவரைத்தான். அவர் "சரி அத்தை, சரி அத்தை" என்று கேட்டுக்கொண்டு, வந்து என் நெற்றியில் கையை வைத்தார். கம்பத்தில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கிற கவனத்தோடு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சூடு இல்ல அத்தை" என்றார்.

பிறகு போனை என்னிடம் தந்தார். பத்தாம் நாள் என்று நானும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டாளாம். தூங்கினாயா என்று கேட்டேன். எட்டு மணிக்குப் படுத்தவள் ஐந்து மணிக்குத்தான் எழுந்தாளாம்.

"அப்புறம், இன்னைக்குப் பச்சத் தண்ணியிலயே குளிச்சிட்டேன்ட்டி. ஒருத்திக்கு யாரு வெந்நி வைக்கது? நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

போனை வைத்தேன். ஜன்னலோரம் போய் நின்று, ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து வாய்விட்டுத் தும்மினேன். ஒன்றல்ல, ஏழு. அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்கள். எட்வின் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "அத்தைக்குச் சொல்லட்டா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க" என்றேன். "அவளும் சிரிக்கட்டும்."